கஞ்சமலை மண்ணில் கத்திய டிடெக்டர்: புதியது வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் இளம்பிள்ளைக்காரர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோவில் வேலை பார்க்கிறார். வார இறுதிகளில் டனோலி, வெடர்பர்ன் பக்கத்துக் காடுகளில் தங்கம் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. கையில் இருப்பது மைன்லேப் நிறுவனத்தின் கோல்டு மான்ஸ்டர் 1000 என்ற மெட்டல் டிடெக்டர். இரண்டு ஆண்டுகளில் 9 கிராம் சொச்சம் கிடைத்திருக்கிறது. இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வந்தவர் அந்தக் கருவியையும் கொண்டுவந்து, அப்பாவின் கடலைக் காட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அது ஓயாமல் கத்தியிருக்கிறது. "இந்த மண்ணையே தாங்காத கருவி இது. திரும்பியதும் விற்றுவிட்டு ஜிபிஎக்ஸ் 6000 வாங்கிவிடலாமா? கையிலிருந்து போட வேண்டியது ஏறத்தாழ ஆறு பவுன் விலை" என்று கேட்கிறார்.

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வாங்க வேண்டாம். ஒருநாள் வாங்க வேண்டி வரலாம். ஆனால் கடலைக் காட்டில் கேட்ட கூச்சலை வைத்து அந்த முடிவை எடுக்கக் கூடாது.

நான் செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் நிலவியல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் பல்லாரட்டில் இருக்கிறாள். ஆண்டுக்கு நான்கு மாதம் பேரனைப் பார்க்கிற சாக்கில் அங்கே போய், நீங்கள் சுற்றும் அதே காடுகளில் நானும் சுற்றுகிறேன். அங்கத்து மண்ணும் இங்கத்து மண்ணும் காலில் ஒட்டிய அனுபவத்தில் எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவின் நிலம் கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிறது. அந்த மலையே இரும்பு. மேக்னடைட் என்னும் காந்தக்கல்லும் குவார்ட்ஸும் பட்டை பட்டையாக அடுக்கிய பாறை அது. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை வைத்து இரும்பு காய்ச்சியது சேலத்துத் தாதுவை நம்பித்தான். ஒவ்வொரு மழைக்கும் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கருமணலை அரித்துக்கொண்டுவந்து வயல்களில் சேர்க்கின்றன. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பால் கவருக்குள் போட்டு, ஓடைக்கரையில் நாலு முழம் இழுத்துப் பாருங்கள். தூக்கினால் கவரின் அடியில் கறுப்பு ரோமம் முளைத்ததுபோல் மணல் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். காந்தத்தை வெளியே உருவினால் அத்தனையும் பொலபொலவென்று உதிரும். நான் ஒருமுறை அப்படி உதிர்ந்ததைக் கொட்டாங்குச்சியில் பிடித்தேன். பத்து நிமிடத்தில் அரைக் கொட்டாங்குச்சி நிரம்பிவிட்டது. கையில் வாங்கினால் கல்லைவிடக் கனம். அந்த மண்ணின்மேல் போய் நின்றுகொண்டு கருவியைக் குறை சொல்வது, செவ்வாய்ப்பேட்டைச் சந்தை நடுவில் நின்றுகொண்டு கைபேசியில் எதிர்முனை கேட்கவில்லை என்பது போல.

ஏன் கத்துகிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். உங்கள் கருவி விஎல்எஃப் (மிகத் தாழ் அதிர்வெண்) வகை. விநாடிக்கு 45,000 முறை முன்னும் பின்னுமாக அலையும் காந்தப்புலத்தை இடைவிடாமல் மண்ணுக்குள் அனுப்புகிறது. அனுப்பிக்கொண்டே பதிலையும் கேட்கிறது. உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி வரும் பதில் சற்றுப் பிந்தி வரும். காந்தக் கனிமத்தின் பதில் கிட்டத்தட்டப் பிந்தாமல் வரும். இந்தப் பிந்தலை அளந்துதான் கருவி மண்ணை ஒதுக்குகிறது. ஆனால் கஞ்சமலை மண்ணின் பதில், குருணை அளவு தங்கத்தின் பதிலைப்போல் பல மடங்கு பெரியது. அதுவும் ஒரே சீராக இல்லை. ஓரடியில் கருமணல் திட்டு, அடுத்த அடியில் செம்மண். தானாகவே மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் உங்கள் கருவி ஒரு திட்டுக்குச் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த திட்டு வந்துவிடுகிறது.

நீங்கள் கேட்கும் ஜிபிஎக்ஸ் 6000 பிஐ (துடிப்புத் தூண்டல்) வகை. அது வேறு மாதிரி. ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கும். துடிப்பு நின்ற கணமே மேக்னடைட் அடங்கிவிடும். உலோகத்துக்குள் ஓடும் மின்னோட்டம் மட்டும் சில மைக்ரோ விநாடிகள் நீடித்துத் தேயும். அந்தத் தேய்மானத்தைத்தான் கருவி கேட்கிறது. ஆகவே ஜிபிஎக்ஸ் 6000 உங்கள் கடலைக் காட்டில் இதைவிட அமைதியாக ஓடியிருக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் தங்கம் தேடுவது கடலைக் காட்டில் அல்லவே.

அதற்காகப் பிஐ எந்த மண்ணையும் அடக்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஏற்காட்டுக்குப் போனால் கதை மாறிவிடும். சேர்வராயன் மலையின் உச்சிகளில் பாக்சைட்டும் செம்பூராங்கல்லும் தொப்பி போல் மூடியிருக்கின்றன. செம்பூராங்கல்லில் மேக்ஹமைட் என்ற இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். அந்தத் துகள்கள் துடிப்பு நின்ற பிறகும் காந்தத்தை உடனே விடுவதில்லை. மெல்ல மெல்லத்தான் விடும். பிஐ கருவிக்கு அதுவும் உலோகம் தேய்வது போலவே கேட்கும். 1995-இல் மைன்லேப்பின் எஸ்டி 2000 வந்தபோது ஆஸ்திரேலியாவில் அவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம் இதுதான்: பிஐ கருவியிலேயே மண்ணின் இந்தச் சோம்பல் பதிலைக் கழித்துவிடும் வழியை அது கொண்டுவந்தது. அதுவரை யாரும் நெருங்க முடியாமல் விட்டுவைத்த செம்மண் காடுகளெல்லாம் மறுபடி திறந்துகொண்டன. இன்றைய ஜிபிஎக்ஸ் வரிசை அதன் பேரப்பிள்ளைதான். கஞ்சமலையும் ஏற்காடும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும், டிடெக்டருக்கு அவை இரண்டு வேறு நோய்கள்.

சரி, விக்டோரியாவுக்கு வருவோம். உங்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த 9 கிராம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வெளிறிய குவார்ட்ஸ் சரளை, பாறைத்தட்டு வெளியே தெரியும் ஓடைப்படுகை, 1850-களில் சுரங்கம் தோண்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன மண்மேடுகள் என்றால், உங்கள் கருவிக்குப் பொருத்தமான இடத்தில்தான் நிற்கிறீர்கள். அங்கே தங்கம் மேலாக இருக்கும், பொடியாக இருக்கும். பொடித் தங்கத்தில் மின்னோட்டம் மிக விரைவாகத் தேய்ந்துவிடுவதால் உங்களுடையது போல விஎல்எஃப் வகையிலேயே அதிர்வெண் கூடிய கருவிதான் அதை நன்றாகப் பிடிக்கும். ஜிபிஎக்ஸ் 6000 பொடிக்கும் கூர்மையானதுதான். இருந்தாலும் அரை விரற்கடை ஆழத்தில் கிடக்கும் குருணைக்கு ஆறு பவுன் கொடுக்க வேண்டியதில்லை.

மாறாக, "இந்தச் செம்மண் சரிவில் எல்லோரும் எடுக்கிறார்கள், என் கருவியை மட்டும் இறக்கவே முடியவில்லை" என்று திரும்பிவந்த நாட்கள் உங்கள் குறிப்பில் நிறைய இருந்தால் விஷயம் வேறு. டனோலி, மோலியாகுல் பக்கம் அப்படிப்பட்ட மண் உண்டு. பிஐ வைத்திருப்பவர்கள்தான் அங்கே ஆட்சி செய்கிறார்கள். அப்படித் திரும்பிய நாட்களை எண்ணிப் பாருங்கள். பத்துக்கு இரண்டு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பத்துக்கு ஆறு என்றால் நான் சொன்ன பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆழம் பற்றியும் ஒரு கணக்கு சொல்கிறேன். புதிய கருவி வாங்குகிறவர்கள் எல்லோரும் மனத்தில் ஆழத்தைத்தான் வாங்குகிறார்கள். கருவியின் அடியில் தட்டையாக இருக்கும் கம்பிச் சுருளான காயிலிலிருந்து புறப்படும் புலம், தூரம் போகப் போக, தூரத்தின் மூன்றடுக்கு விகிதத்தில் மெலிகிறது. தங்கத்திலிருந்து திரும்பி வருவதும் அப்படியே மெலிகிறது. இரண்டும் சேர்ந்தால் ஆறடுக்கு. அதாவது சின்னக் கட்டி ஒன்றை இரு மடங்கு ஆழத்தில் கேட்க, கருவி 64 மடங்கு கூர்மையாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு ஆழம் கூடுவதற்கே சமிக்ஞை ஏறத்தாழ 1.8 மடங்கு வேண்டும். பொறியாளர்கள் பல ஆண்டுகள் மண்டையை உடைத்து இரு மடங்கு கூர்மையை எட்டினால், நமக்குக் கிடைப்பது அரை அங்குலமோ ஓர் அங்குலமோதான். அமைதியான மண்ணில் எந்தக் கருவிக்கும் எந்தக் கருவிக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியாததற்கு இதுவே காரணம். வித்தியாசமெல்லாம் கெட்ட மண்ணில்தான் தெரியும்.

1869-இல் மோலியாகுலில் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி, உலகிலேயே பெரியது, தரையிலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ. ஆழத்தில்தான் கிடந்தது. 1980-இல் கிங்கோவர் அருகே கெவின் ஹில்லியர் எடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' 27 கிலோவுக்கு மேல். அது ஓரடி ஆழத்தில் இருந்தது. அவர் கையில் இருந்த டிடெக்டரை இன்று யாரும் தொடக்கூட மாட்டார்கள். சரியான இடத்தின் மேல் காயிலைக் கொண்டுபோனார், அவ்வளவுதான்.

இடத்தின் மேல் காயிலைக் கொண்டுபோவது எவ்வளவு மெதுவான வேலை என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வீச்சு 1.2 மீட்டர் அகலம். இடைவெளி விடாமல் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு வீச்சுக்கும் 10 செ.மீ.தான் முன்னே நகரலாம். வீச்சுக்கு மூன்று விநாடி. மணிக்கு 144 சதுர மீட்டர் வருகிறது, நம்மூர்க் கணக்கில் மூன்றரை சென்ட். ஓர் ஏக்கரை ஒழுங்காகக் கேட்டு முடிக்க 28 மணி நேரம், குழி தோண்டும் நேரம் சேர்க்காமல். வார இறுதியில் மூன்று மணி நேரம் போகிறவர் ஓர் ஏக்கருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் நடக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் நீங்கள் உண்மையில் கேட்டு முடித்த நிலம் எவ்வளவு? அதைச் சொல்லுங்கள், கருவி போதவில்லையா, நேரம் போதவில்லையா என்று நான் சொல்கிறேன். பெரும்பாலோர் காயிலை விளக்குமாறு போல வீசிக்கொண்டு போவார்கள். வீச்சின் இரு முனைகளிலும் காயில் தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பிவிடும். அந்த ஒரு சாணை எந்தப் புதிய கருவியும் ஈடுகட்டாது.

இனி, விற்பனையாளர் அழுத்திச் சொல்லாத ஒன்று. ஜிபிஎக்ஸ் 6000-இல் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துக் காட்டும் வசதி கிடையாது. உங்கள் கோல்டு மான்ஸ்டரில் உண்டு. அது இரும்பு என்று சொல்வதெல்லாம் வேதவாக்கு அல்ல என்றாலும், குப்பை நிறைந்த இடத்தில் அது பெரிய உதவி. பழைய சுரங்க முகாம்கள் இருந்த இடத்தில் பூட்ஸ் ஆணி, தகரத் துண்டு, கம்பி, துப்பாக்கி ரவை என்று நூற்றைம்பது ஆண்டுக் குப்பை மண்ணுக்குள் கிடக்கிறது. பிஐ அத்தனைக்கும் பாடும். அத்தனையையும் நீங்கள் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் அடி வாங்கியவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் என் சின்ன விஎல்எஃப்பை விற்றுவிட்டு, பழைய ஜிபிஎக்ஸ் 5000 ஒன்று வாங்கினேன். முதல் பருவத்தில் 214 குழி தோண்டினேன்; எண்ணி எழுதி வைத்திருக்கிறேன், சுரங்கத்து வழக்கம். கிடைத்த தங்கம் 1.1 கிராம். ஆணி மட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. பருவத்தின் பெரும்பகுதி, அந்தக் கருவியின் பாஷையைப் பழகுவதிலேயே போயிற்று. பின்னணியில் ஓடும் மெல்லிய ரீங்காரம் தம்பூராச் சுருதி மாதிரி. அந்தச் சுருதி இலேசாகக் கலைவதுதான் ஆழத்தில் கிடக்கும் கட்டி. உரக்க ஒலிப்பதெல்லாம் ஆணி. சுருதி கலைவதைக் கேட்கும் காது வர எனக்கு மூன்று மாதம் ஆனது. அடுத்த ஆண்டு மறுபடி ஒரு சின்ன விஎல்எஃப் வாங்கினேன், விற்ற விலையைவிடக் கூடக் கொடுத்து. ஆகவே எது செய்தாலும் கையில் இருப்பதை விற்காதீர்கள்.

சோதனை செய்து பார்க்க ஆசையாக இருந்தால் முறையாகச் செய்யுங்கள். மேட்டூரில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி, துணுக்குகளாக வெட்டி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசில் 0.1, 0.3, 1 கிராம் என்று நிறுத்து, பழைய திருமண அழைப்பிதழ் அட்டைகளில் ஒட்டி வைத்திருக்கிறேன். டிடெக்டருக்கு ஈயம் ஏறத்தாழ இயற்கைத் தங்கக் கட்டி மாதிரியே கேட்கும். மூக்குத்தியையும் மோதிரத்தையும் வைத்துப் பார்க்காதீர்கள். வளையமாக இருப்பது எப்போதும் உரக்கக் கத்தி உங்களை ஏமாற்றும். என் விஎல்எஃப்பில் அந்த 0.1 கிராம் துணுக்கு ஆற்று மணலில் இரண்டரை அங்குலத்தில் கேட்டது; கஞ்சமலை அடிவாரத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் கேட்கவில்லை. அதே துணுக்கு, அதே கருவி, அதே காது. இந்தச் சோதனையை நீங்கள் வழக்கமாகப் போகும் வெடர்பர்ன் காட்டு மண்ணில் செய்யுங்கள். அங்கே ஆற்று மணலுக்குக் கிட்டத்தில் வந்தால் புதிய கருவிக்கு அங்கே வேலையில்லை.

பிறகு, ஒரு ஜிபிஎக்ஸை மூன்று நாள் வாடகைக்கு எடுங்கள். தங்க வயல் ஊர்களில் டிடெக்டர் கடைகள் வாடகைக்கும் தருகின்றன. அதே அட்டைகளைப் புதைத்துப் பாருங்கள். 11 அங்குலக் காயிலோடு 2.1 கிலோ எடை; இப்போது கையில் இருப்பதைவிடக் கனம் என்பதை மூன்றாம் நாள் மாலை தோள்பட்டை சொல்லும். உயரழுத்த மின்கம்பிகளுக்கு அடியில் எப்படி நடந்துகொள்கிறது என்றும் பாருங்கள். அப்போதும் ஆசை தீரவில்லை என்றால், ஆறு பவுன் என்பது 48 கிராம். ஆண்டுக்கு நாலரை கிராம் எடுக்கிறவருக்குப் பதினோரு ஆண்டுச் சம்பாத்தியம். புதிய கருவி உங்கள் வரவை இரட்டிப்பாக்கினாலும், கூடுதலாக வரும் நாலரை கிராம்தான் அதன் பங்கு. அந்தக் கணக்கு மாறாது. பொழுதுபோக்குக்குச் செலவு செய்வது தவறில்லை; சிலர் கிரிக்கெட்டுக்குச் செய்கிறார்கள். ஆனால் "போட்ட பணம் வந்துவிடும்" என்று வீட்டில் சொல்லி வாங்காதீர்கள். பழையது வாங்குவதாக இருந்தால் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஜிபிஎக்ஸ் பெயரில் போலிகள் உலவுகின்றன.

நடுவில் இன்னொன்று. கஞ்சமலைச் சித்தர் கோவிலுக்கு அமாவாசைக்குப் போனால், மலையில் தங்கம் இருக்கிறது என்று யாராவது உங்கள் காதைக் கடிப்பார்கள். கஞ்சம் என்றால் பொன் என்று பெயர்க்காரணமும் சொல்வார்கள். கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடாதீர்கள். அது காப்புக்காடு. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம். பழங்காசோ நகையோ தட்டுப்பட்டாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். விக்டோரியாவில் உங்களிடம் பத்தாண்டு செல்லும் மைனர்ஸ் ரைட் என்ற உரிமச் சீட்டு இருக்கிறது, கைக்கருவியால் தோண்டி, குழியை மூடிவிட்டு வரலாம். இங்கே அப்படி ஒரு சீட்டே கிடையாது. தவிர, நம் பக்கத்துத் தங்கம் பெரும்பாலும் கோலார் மாதிரி பாறைக்குள் டன்னுக்குச் சில கிராம் என்று கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடப்பது. எந்த டிடெக்டரும் அதற்கு வாய் திறக்காது.

கடைசியாக, விமானம் ஏறுவதற்கு முன் கண்டிப்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காயிலின் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். கடலைக் காட்டில் ஓட்டியிருக்கிறீர்கள். மூடிக்கும் காயிலுக்கும் இடையே கருமணல் நிச்சயம் புகுந்திருக்கும். பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட விடமாட்டார்கள்; படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். அதைவிட முக்கியம், காயிலோடு ஒட்டி நகரும் கருமணல் ஒவ்வொரு வீச்சிலும் பொய்ச் சத்தம் கொடுக்கும். கழுவிய பிறகு இன்னொரு முறை கடலைக் காட்டில் ஓட்டிப் பாருங்கள். அன்று கேட்ட கூச்சலில் எவ்வளவு மலையுடையது, எவ்வளவு மூடிக்குள் இருந்தது என்று தெரிந்துவிடும். ஈய அட்டைகள் என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை அஸ்தம்பட்டி வீட்டில்தான் இருப்பேன். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்து ஒரு செட்டை எடுத்துப் போங்கள்.